மூன்றாவது கோனில் சுழலும் கார்

வரிசையாக வைத்த கூம்பு வடிவக் கோன்களுக்கு இடையே வளைந்து வளைந்து ஓட்டும் ஸ்லாலத்தில் மூன்றாவது கோனைத் தாண்டும்போதுதான் ஒவ்வொரு முறையும் அது நடந்தது. வேகம் கூடிவிட்டதோ என்று வலது காலைச் சற்றே தளர்த்துவேன். அவ்வளவுதான், காரின் பின்பக்கம் வெளியே வீசிக்கொண்டு வரும். ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிப்பதற்குள் வந்த வழியைப் பார்த்தபடி நின்றுகொண்டிருப்பேன். அன்று காலை நான்கு ஓட்டங்களில் இரண்டு இப்படியே முடிந்தன.

கலிஃபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில் க்ரோஸ் லேண்டிங் என்ற இடத்தில் கடற்படையின் பழைய விமான ஓடுதளம் ஒன்று உண்டு. அங்கே நடந்த ஆட்டோகிராஸ் அது. கோன்களை அடுக்கிப் பாதை அமைத்து, கார்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டு நேரம் எடுப்பார்கள். ஒரு கோனைத் தட்டினால் 2 வினாடி கூடும். பாதை தவறினால் அந்த ஓட்டமே கணக்கில் வராது.

என் கார் 2001 ஹோண்டா எஸ்2000, ஏபி1 என்று அழைக்கப்படும் முதல் வகை. 2 லிட்டர் எஞ்சின், நிமிடத்துக்கு 9,000 சுற்றுவரை போகும், உந்துவிசை பின் சக்கரங்களுக்கு. எனக்கு இதைவிடப் பிடித்த கார் கிடையாது. ஆனால் இதன் பின் சஸ்பென்ஷனுக்கு ஒரு குணம் உண்டு. பின்பக்கம் அமுங்கும்போது சக்கரங்களின் முன்விளிம்புகள் உள்நோக்கித் திரும்பும். கார் உறுதியாக நிற்கும். பின்பக்கம் எழும்போது அந்த உள்திருப்பம் குறைந்துவிடும். திருப்பத்தின் நடுவில் ஆக்ஸிலரேட்டரை விட்டால் எடை முன்னால் போகிறது, பின்பக்கம் எழுகிறது. பின் டயர்களின் பிடி குறையும் அதே நேரத்தில் அவற்றின் கோணமும் கைவிடுகிறது. 2004இல் ஹோண்டா பின் அமைப்பைத் திருத்தி இந்தக் கோண மாற்றத்தைக் குறைத்தது. என் கார் அதற்கு முந்தையது.

பல ஆண்டுகளாக அங்கே ஓட்டிவரும் பெரியவர் ஒருவரிடம் கார் எல்லா இடத்திலும் வழுக்குவதாகச் சொன்னேன். திருப்பத்துக்குள் நுழையும்போதா, நடுவிலா, வெளியேறும்போதா என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த ஓட்டத்தில் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு பக்கத்து இருக்கையில் அமர்ந்து வந்தார். இறங்கியதும், நுழையும்போதுதான், அதுவும் காலைத் தளர்த்தும் நேரத்தில்தான் என்றார். பாதி குற்றம் என் காலில். ஆனால் இவ்வளவு சிறிய தளர்வுக்கு இவ்வளவு பெரிய வீச்சு வரக்கூடாது என்றும் சொன்னார். அன்று கிடைத்த மிகப் பெரிய உதவி அந்தக் கேள்விதான். வெளியேறும்போது வழுக்குவதற்கு மருந்து வேறு, நுழையும்போது வழுக்குவதற்கு மருந்து வேறு.

முதலில் காற்றழுத்தம். டயரின் தோள் விளிம்பில் சாக்பீஸால் கோடு கிழித்துவிட்டு ஓடினேன். சாக்பீஸ் எதுவரை தேய்ந்திருக்கிறதோ அதுவரை டயர் சாய்ந்திருக்கிறது என்று பொருள். பின் டயர்களில் கோடு ஏறக்குறைய முழுதாக அப்படியே இருந்தது. அழுத்தம் அதிகம். 38இல் இருந்த பின் அழுத்தத்தை 2 பி.எஸ்.ஐ. வீதம் குறைத்து 34க்குக் கொண்டுவந்தேன். நல்ல மாற்றம் தெரிந்தது, ஆனால் மூன்றாவது கோன் மூன்றாவது கோனாகவே இருந்தது.

அடுத்து ஒரு தவறு செய்தேன். பின்பக்கம் ஆடுகிறது, இறுக்கினால் அடங்கும் என்று நினைத்துப் பின் ஷாக் அப்சார்பர்களின் திருகை நன்றாகக் கடினப்படுத்தினேன். கார் முன்னிலும் மோசமாகியது. அந்த ஓடுதளத்தில் கான்கிரீட் பலகைகளுக்கு இடையே மேடுபள்ளம் உண்டு. கடினமான பின்பக்கம் ஒவ்வொரு இணைப்பிலும் துள்ளியது. எந்தப் பக்கத்தைக் கடினமாக்குகிறோமோ அந்தப் பக்கம் பொதுவாகப் பிடியை இழக்கும். இதை அன்று நேரில் கற்றேன். திருகைப் பழைய நிலையைவிடவும் சற்று மென்மையாக வைத்துவிட்டு வீடு திரும்பினேன்.

அடுத்த சனிக்கிழமை கேரேஜில் சக்கரக் கோணங்களை நானே அளந்தேன். ஒரே நீளமுள்ள இரண்டு அலுமினியக் குழாய்களை காருக்கு முன்னும் பின்னும் தாங்கிகளில் வைத்து, முனைகளில் மீன்பிடி நரம்பைக் கட்டி இருபுறமும் இழுத்தேன். முன் சக்கரங்களில் நரம்புக்கு உள்ள தூரம் இடமும் வலமும் சமமாக இருக்க வேண்டும்; பின்னாலும் அப்படியே. ஆனால் முன் தூரமும் பின் தூரமும் சமமாக இருக்க வேண்டியதில்லை. இந்தக் காரில் முன் சக்கரங்களின் இடைவெளி 1,470 மி.மீ., பின் சக்கரங்களின் இடைவெளி 1,510 மி.மீ. இதை மறந்து ஒரு மாலைப் பொழுதை முழுதாக இழந்தேன். என் எடைக்கு ஈடாகத் தலா 23 கிலோ மணல் மூட்டைகள் மூன்றை ஓட்டுநர் இருக்கையில் வைத்தேன். பின் சக்கரங்களுக்கு அடியில் இரண்டிரண்டு தரை ஓடுகளை வைத்து நடுவில் உப்பைத் தூவினேன். அப்போதுதான் சக்கரம் தரையைப் பிடித்துக்கொள்ளாமல் தன் இயல்பான இடத்துக்கு வரும்.

எஃகு அளவுகோலை ரிம்மின் முன்விளிம்பிலும் பின்விளிம்பிலும் வைத்துப் படித்தேன். வலது பின் சக்கரம் 2 மி.மீ. உள்நோக்கி இருந்தது. இடது பின் சக்கரம் 1 மி.மீ. வெளிநோக்கி. நம்பாமல் மூன்று முறை அளந்தேன், அதே எண்தான். தொழிற்சாலை அளவு மொத்தம் 6 மி.மீ. உள்நோக்கி, எனக்கு இருந்தது 1. எப்போது, யார் அப்படி வைத்தார்கள் என்று தெரியவில்லை. காரை வாங்கியதிலிருந்து நான் பார்த்ததே இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

கோணத்தை மாற்றும் போல்ட்டுகள், சக்கரத்தைக் காரோடு இணைக்கும் பின் கீழ்க்கையின் உள்முனையில் இருக்கின்றன. மையம் விலகிய வட்டத் தகடு கொண்டவை. வலப்பக்கம் எளிதாகத் திரும்பியது. இடப்பக்கம் திரும்புவதுபோலத் தெரியும். ஸ்பேனரை எடுத்ததும் பழைய இடத்துக்கே வந்துவிடும். போல்ட் துருப்பிடித்து உள்ளிருக்கும் குழலோடு ஒட்டிக்கொண்டிருக்க, அந்தக் குழலைச் சுற்றியுள்ள ரப்பர் உறையான புஷ்தான் முறுகிக்கொண்டிருந்தது. பலத்தைக் காட்டினால் புஷ் கிழியும். மூன்று இரவுகள் துரு நீக்கும் எண்ணெயை ஊற்றிவைத்து, நான்காம் நாள் மெதுவாக முன்னும் பின்னும் அசைத்தபோது 'டக்' என்று ஓர் ஒலி. தகட்டில் நான் வைத்திருந்த வெள்ளைக் குறி முதல்முறையாக நகர்ந்தது. சக்கரத்துக்கு 3 மி.மீ., மொத்தம் 6 என்று வைத்தேன். பின் கேம்பரை, அதாவது சக்கரத்தின் மேல்பகுதி சாயும் கோணத்தை, இருபுறமும் மைனஸ் 2 டிகிரிக்கு (உள்நோக்கிய சாய்வு) சரிசெய்தேன். ஒன்றைத் திருத்தினால் மற்றொன்று கலையும் என்பதால் நான்கு சுற்று அளக்க வேண்டியிருந்தது.

அதிகம் மாற்றாத கார்களுக்கான ஸ்ட்ரீட் பிரிவில்தான் நான் ஓடுகிறேன்; அதில் ஸ்பிரிங்கை மாற்ற விதி இடம் தராது. திருப்பத்தில் கார் பக்கவாட்டில் சாய்வதை எதிர்க்கும் தண்டான ஸ்வே பாரை மட்டும் முன்னோ பின்னோ ஒன்றை மாற்றலாம். முன்பக்கத்துக்குத் தடிமனான பாரை வாங்கினேன். திருப்பத்தில் எடை வெளிப்பக்க டயர்களுக்கு மாறும்போது, சாய்வை அதிகம் எதிர்க்கும் முனை அந்த மாற்றத்தில் பெரும்பங்கை ஏற்கிறது. முன்பக்கம் அதைச் சுமந்தால் பின் டயர்கள் இரண்டும் முன்னைவிடச் சமமாக வேலை செய்யும். உட்புறப் பின் சக்கரமும் தரையில் நன்றாக அழுந்தி நிற்கும். இரு பின் சக்கரங்களுக்கும் உந்துவிசையைப் பகிர்ந்தளிக்கும் இந்தக் காரின் டார்சன் டிஃபரன்ஷியலுக்கு அது மிகவும் தேவை. பாரின் இணைப்புத் தண்டுகளைக் கார் சக்கரங்களின்மீது நிற்கும்போது, மணல் மூட்டைகளோடுதான் பொருத்த வேண்டும். போல்ட் விரலால் தள்ளியே நுழைந்தால் சரி. சுத்தியல் தேவைப்பட்டால் பார் ஏற்கெனவே முறுகியிருக்கிறது. கார் இடது திருப்பத்தில் ஒரு விதமாகவும் வலதில் வேறு விதமாகவும் நடந்துகொள்ளும்.

பாரின் கடினத்தை மாற்ற அதன் முனையில் உள்ள மூன்று துளைகளில் நடுத்துளையில் பொருத்தி அடுத்த போட்டிக்குப் போனேன். ஸ்லாலம் முழுவதும் காலை அசைக்காமல் போக முடிந்தது. ஆனால் முழு வட்டமாகத் திரும்பும் இடத்தில் முன்பக்கம் திரும்ப மறுத்து நேராக இழுத்தது. மதிய இடைவேளையில் பாரை மென்மையாக்கும் துளைக்கு மாற்றினேன். கடைசி ஓட்டத்தில், மூன்றாவது கோனருகே வேண்டுமென்றே காலைத் தளர்த்திப் பார்த்தேன். பின்பக்கம் ஒரு சாண் அளவு நகர்ந்தது, நின்றது, எனக்காகக் காத்திருந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது. பாதை ஒவ்வொரு போட்டிக்கும் மாறுவதால் பழைய நேரத்தோடு ஒப்பிட முடியாது. ஆனால் அதே பிரிவில் அதே வகைக் காரில் ஓடும் நண்பரைவிட முன்பு இரண்டரை வினாடி பின்தங்கியிருந்த நான், இந்த முறை 0.8 வினாடிதான் பின்தங்கினேன்.

இவ்வளவு உள்திருப்பம் வைத்தால் நெடுஞ்சாலைப் பயணத்தில் பின் டயர்கள் வேகமாகத் தேயும். இப்போது பின் டயர்களின் பட்டன் ஆழம் உள்விளிம்பில் 6.1 மி.மீ., வெளிவிளிம்பில் 6.4. அடுத்த 1,500 கிலோமீட்டரில் மறுபடி அளப்பேன். உள்விளிம்பு அதிகம் இறங்கியிருந்தால் 6 மி.மீ. உள்திருப்பத்தை 5ஆக்கிப் பார்க்க வேண்டும். இடது போல்ட்டுக்குக் கிரீஸ் தடவி வைத்திருக்கிறேன்.