185.5-க்கு இடம் கிடைக்குமா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாளிலிருந்து எங்கள் கால்நடை மருந்தகத்துக்கு இரண்டு விதமான ஆட்கள் வருகிறார்கள். மாட்டைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள், மதிப்பெண் பட்டியலைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள். போன வாரம் அந்தியூர் பக்கத்திலிருந்து வந்த ஒரு விவசாயிக்கு இரண்டு காரியமும் இருந்தது. மாடு எழுந்திருக்கவில்லை என்று கூப்பிட வந்தவர், வண்டியில் மகளையும் கூட்டி வந்திருந்தார். அவள் கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு. அதில் என்ன இருக்கும் என்று கேட்காமலே தெரிந்தது.

மாடு கன்று ஈன்று ஒரு நாள்தான் ஆகியிருந்தது. நாலாவது ஈத்து, ஜெர்சி கலப்பு, நல்ல கறவை. படுத்தபடியே தலையைத் திருப்பி விலாவோடு வைத்திருந்தது. காதைத் தொட்டால் சில்லென்று இருந்தது, மூக்கு காய்ந்திருந்தது. பால்சுரம். பெயரில்தான் சுரம், உடம்பில் சூடே இருக்காது. சீம்பாலோடு சுண்ணாம்புச் சத்து திடீரென்று இறங்கிவிடுவதால் ரத்தத்தில் கால்சியம் குறைந்து, தசைகள் வேலை செய்யாமல் மாடு சாய்ந்துவிடும்.

பிடிக்க வேறு ஆள் இல்லை. கழுத்து நரம்பில் ஊசியை ஏற்றிவிட்டு, வெந்நீரில் வைத்து எடுத்த கால்சியம் பாட்டிலை அந்தப் பெண் கையில் கொடுத்தேன். "நான் சொல்லாமல் மேலே தூக்காதே கண்ணு, வேகமா இறங்கினா இதயம் தாங்காது" என்றேன். ஸ்டெதஸ்கோப்பை மாட்டின் நெஞ்சில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்க, அவள் கால் மணி நேரத்துக்கு மேல் பாட்டிலை அசையாமல் பிடித்திருந்தாள். முதலில் மாட்டின் தோள் சதை லேசாக நடுங்கியது. அப்புறம் ஒரு ஏப்பம். சாணி போட்டது. கொஞ்ச நேரத்தில் பின்னங்காலை ஊன்றி, தள்ளாடி எழுந்து நின்றே விட்டது. நான் இதை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன், இன்னும் ஒவ்வொரு முறையும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. அந்தப் பெண் பாட்டிலைக் கீழே வைக்கக்கூட மறந்து மாட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கை கழுவும்போது அவள் அப்பா கேட்டார். "டாக்டரம்மா, புள்ளை மாட்டு டாக்டருக்குத்தான் படிக்கோணும்ங்கறா. கட் ஆஃப் 185.5 வருதுங்க. கெடைக்குங்களா? நீட் வேற எழுதலீங்க."

முதலில் நீட் பயத்தைப் போக்கினேன். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் வேண்டாம், பிளஸ் டூ மதிப்பெண் போதும். அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகும் 15 சதவீத இடங்களுக்கும், பாண்டிச்சேரி கால்நடைக் கல்லூரிக்கும்தான் நீட் மதிப்பெண் பார்ப்பார்கள். இது தெரியாமலே விண்ணப்பம் போடாமல் விட்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஆதங்கத்தில்தான் இந்தப் பதிவையே எழுதுகிறேன்.

கட் ஆஃப் கணக்கு எளிது. உயிரியல் 100-க்கு அப்படியே, இயற்பியலும் வேதியியலும் பாதி பாதி, மொத்தம் 200. இவள் உயிரியலில் 96, இயற்பியலில் 88, வேதியியலில் 91. ஆக 96, 44, 45.5. கூட்டினால் 185.5 சரிதான். தாவரவியலும் விலங்கியலும் தனித்தனியாகப் படித்தவர்கள் இரண்டையும் சேர்த்து 100-க்குக் கொண்டுவர வேண்டும்.

சரி, கிடைக்குமா? எல்லாரும் உடனே போன வருடக் கடைசி கட் ஆஃப் என்ன என்றுதான் தேடுகிறார்கள். வாட்ஸ்அப்பில் ஒரு படம் வரும், அதை வைத்து வீட்டில் அழுகையோ கொண்டாட்டமோ நடக்கும். எனக்கு அந்த எண்ணில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. வினாத்தாள் ஒரு வருடம் லேசாக இருந்தால் ஊர் முழுக்க மதிப்பெண் ஏறும், கட் ஆஃபும் கூடவே ஏறும். அதே 185.5 ஒரு வருடம் நல்ல இடம், இன்னொரு வருடம் வாசலுக்கு வெளியே. அதனால் தரவரிசைப் பட்டியல் வரும் வரை பொறுங்கள் என்பேன். அதில் உங்கள் பெயருக்கு நேரே இரண்டு எண்கள் இருக்கும்: பொதுத் தரவரிசை, உங்கள் வகுப்புக்குள் தரவரிசை. இரண்டாவதைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அதையும் தப்பாகக் கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. பிசி-க்கு 26.5 சதவீதம், ஆகவே அத்தனை பேருக்குள் வந்தால்தான் இடம் என்று நினைத்துச் சோர்ந்துவிடுகிறார்கள். அப்படி இல்லை. பொதுப் பிரிவின் 31 சதவீதம் எந்த வகுப்பினருக்கும் உரியது. ஒரு பேச்சுக்கு 1000 இடங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொதுவில் 310. அந்த 310 பேரில் 150 பேர் பிசி என்றால் அவர்கள் பொது இடத்தில் போய்விடுவார்கள், பிசி-க்கான 265 இடம் அப்படியே மிச்சம் இருக்கும். ஆக பிசி தரவரிசையில் 415 வரை இடம் உண்டு. தரவரிசைப் பட்டியலை எடுத்து, மேலிருந்து பொது இடங்கள் முடியும் வரை உங்கள் வகுப்பினர் எத்தனை பேர் என்று பென்சிலால் எண்ணிப் பாருங்கள். ஒரு மணி நேர வேலைதான், ஊர் ஆயிரம் சொல்வதைவிட அது உருப்படியான பதில் சொல்லும். இதை நான் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டியபோது அந்தப் பெண் பேனாவை வாங்கி, தானே ஒருமுறை போட்டுப் பார்த்தாள்.

அதற்கும் மேலே ஒன்று இருக்கிறது, நகர்வு. மேலே இருப்பவர்களில் கணிசமானவர்கள் நீட்டும் எழுதியிருப்பார்கள். எம்பிபிஎஸ் கிடைத்தால் போய்விடுவார்கள். அப்போது காலியாகும் இடங்கள் அடுத்த சுற்றுக்கு வரும்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் அப்படி வந்தவள். 2010-ல் என் கட் ஆஃப் 188.25. அப்போது கால்நடை மருத்துவம் படிக்க சென்னையும் நாமக்கல்லும் மட்டும்தான். அப்பாவும் நானும் ராத்திரி பஸ் பிடித்து வேப்பேரிக்குக் கலந்தாய்வுக்குப் போனோம். 1903-லிருந்து இருக்கிற கல்லூரி, அந்தப் பழைய கட்டடத்தைப் பார்த்ததுமே எனக்கு அங்கேயே இருந்துவிட வேண்டும் போல இருந்தது. என் முறை வருவதற்குள் எங்கள் பிரிவில் இடம் முடிந்துவிட்டது. காத்திருப்போர் பட்டியல் என்றார்கள். திரும்பி வரும் வழியில் விழுப்புரம் தாண்டும் வரை அப்பா பேசவே இல்லை.

பி.எஸ்சி. விலங்கியல் சேர்ந்தேன். ஒரு மாதத்துக்கு மேல் ஓடியபின் இரண்டாம் கட்டக் கலந்தாய்வுக்குக் கடிதம் வந்தது. அதற்குள் நான் சேர்ந்திருந்த கல்லூரியில் முழு வருடக் கட்டணத்தையும் கட்டினால்தான் சான்றிதழ்களைத் தருவோம் என்று பிடித்து வைத்துக்கொண்டார்கள். பால் சங்கத்தில் பால் அளக்கிற வேலை பார்த்த என் அப்பா, வீட்டில் இருந்த ஒரே கன்றை விற்று அந்தப் பணத்தைக் கட்டினார். கன்றை விற்றுத்தான் மாட்டு டாக்டர் ஆனேன். அதை நினைக்காமல் எந்தத் தொழுவத்துக்குள்ளும் என்னால் போக முடிவதில்லை. அதனால் சொல்கிறேன், வேறு கல்லூரியில் சேரும்போதே, நடுவில் விலகினால் எவ்வளவு பிடித்துக்கொள்வீர்கள், அசல் சான்றிதழைத் திருப்பித் தருவீர்களா என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காத்திருப்பில் இருக்கும் பிள்ளைக்கு இது வாழ்வு சாவுப் பிரச்சினை.

இப்போது நிலைமை எவ்வளவோ மேல். 2012-ல் திருநெல்வேலியும் ஒரத்தநாடும் வந்தன, 2020-ல் தலைவாசல், உடுமலைப்பேட்டை, தேனி. ஏழு கல்லூரியிலும் சேர்த்து 660 இடங்கள். ஆனால் விருப்பக் கல்லூரி குறிக்கும்போது "சென்னை, நாமக்கல் மட்டும் போதும்" என்று நிறுத்திவிடுகிற பிள்ளைகள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஒரே பல்கலைக்கழகம், ஒரே பட்டம், அதே ஐந்தரை வருடம். ஏழையும் வரிசையாகக் குறியுங்கள். தேனியில் மாடு வேறு மாதிரியா கன்று போடும்?

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீதம் தனியாக இருக்கிறது, 2021-ல் வந்த சட்டம். அந்தப் பட்டியலில் போட்டி குறைவு, கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இந்தப் பெண் படித்தது அரசு உதவி பெறும் பள்ளி. அது இதில் வராது என்றதும் அவள் அப்பாவின் முகம் விழுந்துவிட்டது. "ரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போட்டிருந்தா கெடைச்சிருக்குமுங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பணம் கொடுத்தால் இடம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது போன் செய்தால் உடனே வைத்துவிடுங்கள். தரவரிசையைத் தாண்டி அப்படி ஒரு வழியே கிடையாது. வெளி மாநிலத் தனியார் கல்லூரிக்குப் போவதானால், இந்தியக் கால்நடை மருத்துவ மன்றத்தின் அங்கீகாரம் அந்தக் கல்லூரிக்கு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஒரு ரூபாயாவது கட்டுங்கள். அது இல்லாவிட்டால் படித்து முடித்தாலும் இங்கே பதிவு செய்ய முடியாது.

கடைசியில் அந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொன்னேன். முதல் சுற்றில் கிடைப்பது கஷ்டம் கண்ணு, நகர்வில் வாய்ப்பு இருக்கிறது, ஏழு கல்லூரியும் குறி, கலந்தாய்வு முடிகிற வரை போனை அணைக்காதே. அவள் தலையாட்டிவிட்டு, "மாடு இனி நல்லா இருக்குமாங்கக்கா?" என்று கேட்டாள். இரண்டு நாளைக்கு மடியை ஒட்டக் கறக்காதே, சிலசமயம் திரும்பவும் சாய்ந்துவிடும் என்றேன்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு போன். "அக்கா, மறுபடி படுத்திருச்சுங்க. காது சில்லுனு இருக்குது. மூக்கும் காஞ்சிருச்சு." நான் போய்ச் சேர்ந்தபோது மாட்டின் ஒரு பக்கம் வைக்கோல் மூட்டையை அண்டக் கொடுத்து நிமிர்த்தி உட்கார வைத்திருந்தாள். பாட்டிலை வைக்க ஒரு குண்டாவில் வெந்நீர் தயாராக இருந்தது.