கோன்சேயில் இறங்க நாக்கு வேண்டும்

தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் நகரத்து டாக்ஸி ஸ்டாண்டில் நின்று "கோன்சே போகுமா?" என்று மூன்று தடவை கேட்டேன். (அங்கே டாக்ஸி என்றால் பதினைந்து பேரை அடைத்துக்கொண்டு போகிற வேன்.) டிரைவர் மூன்று தடவையும் என் வாயையே பார்த்தார். கடைசியில் ஊரின் பழைய பெயரைச் சொன்னேன், கிங் வில்லியம்ஸ் டவுன். "ஓ, கோன்சே!" என்றார். அவர் சொன்னபோது முதல் எழுத்தில் கார்க் பிடுங்கின மாதிரி 'டொக்' என்று ஒரு சத்தம். நான் தமிழில் எழுதுகிற அந்த 'கோ' வெறும் ஒப்புக்குத்தான்.

2021இல்தான் அந்த ஊர் கோன்சே ஆனது. ஊரை ஒட்டி ஓடும் பஃபலோ ஆற்றின் கோசா மொழிப் பெயர் அது. அதே சமயம் போர்ட் எலிசபெத்தும் கெபெர்ஹா ஆனது. அதன் முதல் எழுத்திலும் இதே 'டொக்', ஆனால் இன்னும் கனமாக. வாயில் நுழையாத பெயர் என்று எதிர்ப்பும் கிளம்பியது. 80 லட்சத்துக்கு மேல் ஆட்கள் தாய்மொழியாகப் பேசுகிற மொழி, யார் வாயில் நுழையவில்லையாம்?

டாக்ஸியில் முன்வரிசைக்காரர்தான் கண்டக்டர் என்பது தெரியாமல் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். பின்னாலிருந்து தோள்தோளாகக் காசு வந்துகொண்டே இருந்தது. சில்லறைக் கணக்கில் நான் திணறியதைப் பார்த்து ஒரு பாட்டி பின்னால் உச்சுக் கொட்டினார். அது திட்டா, பரிதாபமா, இல்லை ஏதாவது சொல்லின் முதல் எழுத்தா என்று யோசித்தபடியே கோன்சே வந்தது. அங்கே வண்டி மாறி, மலையடிவாரத்து ஆலிஸ் ஊருக்கு.

ஆலிஸில் தங்கிய வீட்டம்மாவை எல்லோரும் மாமா என்றார்கள். அங்கே மாமா என்றால் அம்மா. இரண்டு நாள் எனக்கு நாக்குதான் குழம்பியது. முதல் பாடம் சமையலறையில். கோசாவில் மூன்று அடிப்படைச் சொடுக்கொலிகள் (க்ளிக்குகள்), ஆங்கிலத்தின் சி, எக்ஸ், க்யூ எழுத்துகளால் அவற்றை எழுதுகிறார்கள். மூன்றும் நம் வாயிலேயே இருக்கின்றன. 'அடப்பாவமே' என்று உச்சுக் கொட்டுகிறோமே, அது சி. வண்டிக்காரர் மாட்டை விரட்டக் கடைவாய் ஓரமாக நாக்கை இழுத்து ஒரு சத்தம் கொடுப்பார், அது எக்ஸ். குழந்தைக்கு வேடிக்கை காட்ட மேலண்ணத்தில் நாக்கை ஒட்டி 'டொக்' என்று விடுவது க்யூ. நுரையீரல் காற்றுக்கு இதில் வேலையில்லை. நாக்கின் முன்னும் பின்னும் அண்ணத்தில் ஒட்டியிருக்க, நடுவே மாட்டிய காற்றை நாக்கு கீழே இறங்கி உறிஞ்ச, முன்பக்கம் பட்டென்று விடுபடுகிறது. அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று நானும் நினைத்தேன். முட்டைக்கு 'இக்காண்டா', க்யூ போட்டு. நான் "இ", அப்புறம் "டொக்", அப்புறம் "ஆண்டா" என்றேன். மாமா கையை விரித்தார். "முட்டையை உடைத்துவிட்டாயே." சத்தம் தனியாக, சொல் தனியாக வரக்கூடாது. க்ளிக்கின் முதுகிலேயே உயிரெழுத்து ஏறிக்கொள்ள வேண்டும். நமக்கு அது வாயால் செய்கிற சைகை, அவர்களுக்கு அது மெய்யெழுத்து. இந்த ஒரு படியைத் தாண்டத்தான் எனக்கு நான்கு நாள் ஆயிற்று.

தெருமுனைக் கடையில் வங்கதேசத்து இளைஞர் ஒருவர் இருந்தார். என்னைவிட நன்றாகக் க்ளிக் செய்து பாக்கியைக் கேட்டார். வெட்கமாகத்தான் இருந்தது.

மாற்றிச் சொன்னால் பொருளும் மாறும். 'எலா' என்பதற்கு முன் சி வந்தால் வேண்டுவது, எக்ஸ் வந்தால் தெரிவிப்பது. 'தயவுசெய்து கொடுங்கள்' என்று கேட்கிற இடத்தில் நான் பல தடவை 'தெரிவிக்கிறேன்' என்றிருக்கிறேன். மூன்றோடும் முடியவில்லை. மூச்சுச் சேர்த்து, கனமாக, மூக்கால் என ஒவ்வொன்றும் ஆறு வகை, மொத்தம் 18. மூக்கு வகைக்கு ஒரு வழி: 'ங்' என்று முனகிக்கொண்டே உச்சுக் கொட்டிப் பாருங்கள். வந்துவிடும். அவர்கள் புத்தகத்துக்குச் சொல்கிற சொல் அந்த ஒலியில்தான் வருகிறது.

புத்தகம் என்றதும் ஆலிஸைச் சொல்ல வேண்டும். பக்கத்து த்யூமே பள்ளத்தாக்கில்தான் 1823இல் ஸ்காட்லாந்து மிஷனரிகள் அச்சு இயந்திரத்தை இறக்கி, ஜான் பென்னி என்பவர் கோசாவை முதலில் அச்சடித்தார். மிஷனரிகள் காதில் விழுந்தது அந்த வட்டாரத்து ங்கிக்கா மக்களின் பேச்சு. அதுதான் பின்னால் 'சுத்தமான கோசா' ஆனது. அச்சு இயந்திரம் வேறொரு ஆற்றங்கரையில் இறங்கியிருந்தால் வேறொரு பேச்சு சுத்தமாகியிருக்கும். மாமா வடகிழக்கே லூசிகிசிகி ஊரில் பிறந்தவர், ம்போண்டோ மக்களின் வழக்கு. பள்ளியில் வீட்டுச் சொல்லை எழுதியதற்கெல்லாம் சிவப்பு மை. கல்யாணமாகி இங்கே வந்ததும் நாத்தனார்கள் சிரித்தார்களாம். இன்னும் வடக்கே பாக்கா மக்களின் வழக்கில் ஆங்கில இசட் ஒலி வருகிற இடத்தில் 'த' வரும். அதையும் தாண்டி ஸ்வாட்டி மொழிக்குப் போனால் மூன்று க்ளிக்குகளில் பெரும்பாலும் சி மட்டும்தான் மிச்சம்.

க்ளிக் கோசாவுக்குப் பிறவிச் சொத்து இல்லை. மாடு ஓட்டிக்கொண்டு வடக்கிலிருந்து வந்த மக்கள், அங்கே முன்பே இருந்த கோய், சான் மக்களோடு பெண் எடுத்துக் கலந்தபோது வந்தது. அது எப்படி இவ்வளவு ஆழமாக ஊறியது என்பதற்கு ஒரு சுவையான விளக்கம் உண்டு. கோசா மருமகள் மாமனார் பெயரைச் சொல்லக்கூடாது. பெயரை மட்டுமல்ல, அதன் அசை வருகிற மற்ற சொற்களையும்தான். ஹ்லோனிப்பா என்று பெயர். தவிர்த்த சொல்லுக்குப் பதில் வேண்டுமே? அக்கம்பக்கத்து மொழியிலிருந்து க்ளிக்கோடு ஒன்றை எடுத்துக்கொண்டார்கள் என்கிறார்கள் மொழியியலாளர்கள். எல்லோரும் ஒத்துக்கொண்ட விஷயம் இல்லை, ஆனால் எனக்குப் பிடித்திருக்கிறது. தாத்தா பெயர் முருகன் என்பதால் கடைசிவரை 'மலைமேல இருக்கிற சாமி' என்றே கும்பிட்ட பாட்டியின் பேரன் நான்.

கிளம்புகிற அன்று காலை மாமாவிடம் அவர் மாமனார் பெயர் என்ன என்று கேட்டேன். அவர் இறந்து இருபது வருடம் ஆகிறது. மாமா ஒரு உச்சுக் கொட்டிவிட்டு, முற்றத்தில் பந்து உதைத்துக்கொண்டிருந்த பேரனைக் கூப்பிட்டார். பையன் ஓடி வந்து பெயரைச் சொல்லிவிட்டு மறுபடி ஓடினான். அந்தப் பெயரில் ஒரு க்ளிக்கும் இல்லை. மாமா அதற்குள் தேநீர் ஊற்றப் போய்விட்டார்.