நிறுத்திய இடம்

ஜூன் 2
படிக்க உட்கார்ந்த 40 நிமிஷத்தில் 17 கோடு.

புத்தகத்தின் வலது ஓரத்தில் ஒரு துண்டுத்தாள். மனசு வரியை விட்டு நழுவியது தெரிந்ததும் பென்சிலால் ஒரு கோடு, உடனே அதே வரிக்குத் திரும்பல். நழுவியதற்குத் திட்டிக்கொள்ளக் கூடாது, அதுவே இரண்டாவது நழுவல். கோடு எத்தனை என்பதைவிட எங்கே விழுகிறது என்றுதான் பார்க்க வேண்டும். முதல் பத்து நிமிஷத்திலேயே நெருக்கமாக விழுந்தால் முந்தைய வேலை இன்னும் தலைக்குள் ஓடுகிறது. அரைமணிக்கு மேல் நெருங்கினால் அது களைப்பு. இன்று பன்னிரண்டு கோடு முதல் பத்துக்குள்.

ஜூன் 3
போன் அடுத்த அறையில். மேசைமேல் கவிழ்த்து வைத்தால் போதவில்லை.

ஜூன் 5
மறுபடி அந்த முதல் பத்து நிமிஷம்.

ஒரு வேலையைப் பாதியில் விட்டு இன்னொன்றில் உட்கார்ந்தால் மனசில் ஒரு பங்கு பழையதிலேயே தங்கிவிடுகிறது. ஆராய்ச்சியாளர் சோஃபி லெராய் 2009இல் இதைத்தான் கவனத்தின் மிச்சம் என்று ஆராய்ந்து எழுதினார். கழுவாத குழம்புச் சட்டியில் பால் காய்ச்சுவது போல. 2018இல் தெரெசா க்ளோம்போடு சேர்ந்து அவரே ஒரு வழியும் காட்டினார்: எழுந்திருக்கும் முன், திரும்பி வந்ததும் என்ன செய்வது என்று எழுதி வைத்துவிடுவது.

சீட்டில் மூன்று வரி போதும். நிறுத்திய இடம், அடுத்த முதல் வேலை, தீராத சந்தேகம். எழுதும் விதத்தில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். 'கணக்கு மீதி உள்ளது' என்று எழுதினால் ஒன்றும் நடக்காது, மனசு அதைப் பிடித்துக்கொண்டே இருக்கும். 'பக்கம் 88, நாலாம் கணக்கு, இரண்டாவது படியில் குறி மாறியதா பார்' என்று எழுத வேண்டும். திரும்பி வந்ததும் கை எங்கே போக வேண்டும் என்று தெரிந்தால்தான் மனசு விடும். இதற்கு இரண்டு நிமிஷம் ஒதுக்காமல், மணி அடித்ததும் எழுந்து ஓடுவதுதான் பெரிய தப்பு.

ஜூன் 6
11 கோடு. சீட்டு வேலை செய்கிறது.

ஜூன் 8
மேலக்காற்று. கடலூர் மஞ்சக்குப்பம் பக்கம் இரண்டு மணி வரை கடல்காற்று எட்டிப் பார்க்கவில்லை.

வேர்வையில் உடம்பு எடையில் ஒன்றிரண்டு சதவீதம் தண்ணீர் போனாலே கவனம் சரியத் தொடங்கும். 60 கிலோ ஆளுக்கு அது ஏறக்குறைய ஒரு லிட்டர், இந்த வெயிலில் தெரியாமலே போய்விடும் அளவு. தாகத்துக்காகக் காத்திருக்காமல் ஒவ்வொரு அமர்வுக்கும் முன்னால் ஒரு டம்ளர். உச்சிவேளையில் உப்பு போட்ட நீர்மோர். சிறுநீர் வெளிர் மஞ்சளில் இருந்தால் சரி, அடர்ந்தால் பத்தவில்லை. இதயம், சிறுநீரகம் பழுதுள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, டாக்டர் சொன்ன அளவுதான்.

ஜூன் 9
பண்ருட்டிப் பலா, மேலே சோறு. மதியம் போச்சு.

பசி அடங்கும் அளவுக்கு மட்டும் சாப்பிட்டு, 20 நிமிஷம் அலாரம் வைத்துச் சாய்வதே மேல். அரைமணி தாண்டினால் ஆழ்ந்த தூக்கத்தில் பாதியில் எழ நேரும், ஒருமணி நேரம் வரைகூடத் தலை கல்லாய்க் கனக்கும். மூன்று மணிக்குப் பிறகு படுத்தால் ராத்திரித் தூக்கம் கெடும். சாயங்காலம் வறுத்த மல்லாட்டை (வேர்க்கடலை) ஒரு பிடி, அவ்வளவுதான்.

ஜூன் 11
ஒன்றும் ஏறவில்லை. ஒரே பத்தி ஐந்து தடவை. காலையிலிருந்து அந்த ரிசல்ட் நினைப்பு.

ஜூன் 12
நேற்றையதைப் பற்றி. இடைவேளை என்று போனை எடுத்தது தப்பு. ஓய்வு வேண்டியது எதற்கு? தேர்ந்தெடுத்துப் பார்க்கிற, வேண்டாததைத் தள்ளுகிற அந்த ஒரு திறனுக்கு. போன் அதையேதான் மறுபடி வேலை வாங்குகிறது. பத்து நிமிஷம் முடிந்து வந்தவர் களைத்தே வருகிறார், கூடவே புதிதாக நாலு மிச்சமும். மாடிக்குப் போய்த் துணி மடிக்கலாம், செடிக்குத் தண்ணீர் விடலாம், சும்மா நிற்கலாம்.

காபி: குடித்ததில் பாதி உடம்பை விட்டுப் போக ஏறக்குறைய ஐந்து மணி நேரம். நாலு மணிக் காபியில் பாதி ஒன்பது மணிக்கும் ரத்தத்தில் இருக்கிறது. அது களைப்பைப் போக்குவதில்லை, மூளைக்குக் களைப்பைச் சொல்லும் அடினோசின் என்ற ரசாயனத்தின் இருக்கையில் தான் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. கடைசிக் காபி இரண்டு மணிக்குள்.

ஜூன் 14
இரும்பு பற்றி யாரும் பேசுவதில்லை, அதுதான் வருத்தம்.

மாதக்கணக்கில் மனசு நிற்கவில்லை, படியேறினால் மூச்சு வாங்குகிறது என்றால் மன உறுதியைக் குறை சொல்லும் முன் ரத்தம் பார்க்க வேண்டும்: ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பு), டிஎஸ்எச் (தைராய்டு), பி12, சர்க்கரை. ஹீமோகுளோபின் 12க்கு மேல் இருப்பதைப் பார்த்துப் பெண்கள் நிம்மதியாகப் போய்விடுகிறார்கள், சேமிப்பான ஃபெரிட்டின் 15க்குக் கீழே கிடக்கலாம். காய்ச்சல் நேரத்தில் எடுத்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறித் தெரியும், அதனால் குணமான பிறகு எடுக்க வேண்டும். சாப்பாட்டோடு டீ குடித்தால் கீரையில் உள்ள இரும்பு சரியாகச் சேராது, ஒருமணி நேரம் தள்ளிக் குடிக்கலாம். மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. குறட்டை விட்டுத் தூங்கியும் காலையில் களைத்து எழுகிறவர்கள் அதையும் சொல்ல வேண்டும்.

ஜூன் 15
ரிப்போர்ட் வரவில்லை.

ஜூன் 16
விடியற்காலை தேவனாம்பட்டினம், சில்வர் பீச். காதில் எதையும் மாட்டாமல் 30 நிமிஷ நடை. ஈர மணலில் அலை ஏறி இறங்கும்போது நண்டுக்குஞ்சு ஓடி வளைக்குள் போகும், தண்ணீர் வற்றியதும் வளை வாயில் ஒரு குமிழி நின்று வெடிக்கும். பார்க்க எந்த முயற்சியும் வேண்டியதில்லை, கண் தானே போய் நிற்கிறது. உளவியலாளர்கள் ரேச்சல், ஸ்டீஃபன் காப்லான் இருவரும் 1989இல் எழுதியது இதுதான்: முயன்று செலுத்தும் கவனம் தேய்கிறது, தானே இழுபடும் கவனம் அதற்கு ஓய்வு தருகிறது. காலை வெளிச்சம் கண்ணில் படுவதால் ராத்திரித் தூக்கமும் நேரத்துக்கு வரும்.

7 கோடு.

ஜூன் 18
படபடப்பு. மூச்சு: மூக்கால் 4 எண்ணி உள்ளே, 6 எண்ணி வெளியே, நிமிஷத்துக்கு ஆறு, மொத்தம் ஐந்து நிமிஷம். நெஞ்சு புடைக்க இழுக்கக் கூடாது. கரியமில வாயு அதிகம் வெளியேறித் தலை சுற்றும், விரல் மரத்துப்போகும், பயம் கூடும். சாதாரண அளவு மூச்சு, மெதுவாக. அவ்வளவே.

ஜூன் 19
25 நிமிஷமா, 40ஆ? ஃப்ரான்செஸ்கோ சிரில்லோ 1980களின் கடைசியில் தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரம் வைத்து 25 வேலை, 5 ஓய்வு என்று வகுத்தார். உட்காரவே மனசில்லாத நாளுக்கு அது அருமை. நீளக் கணக்குக்கு உதவாது, சூடு பிடிக்கும்போது மணி அடித்துவிடும். பிழை பார்க்கும் வேலைக்கோ அரைமணியே எல்லை. உளவியலாளர் நார்மன் மேக்வர்த் 1948இல், கடிகார முள் எப்போதாவது இரட்டைத் தாவலாகத் தாவுவதைப் பார்த்துச் சொல்லச் சொன்னபோது முதல் அரைமணிக்குள்ளேயே தவறவிடுவது கூடிவிட்டது. சரிபார்ப்பை மாலைக்கு மொத்தமாகத் தள்ளக் கூடாது.

ஜூன் 20
ரிப்போர்ட் நாளை. 14 கோடு, எல்லாம் முதல் பத்தில்.

ஜூன் 21
நிறுத்திய இடம்: பக்கம் 212, மூன்றாம் பத்தி.
அடுத்து: அந்தப் பத்தியின் முதல் வாக்கியத்தைப் பார்க்காமல் எழுதுவது.
சந்தேகம்: