சம்பா நாட்குறிப்பு: யூரியா, உமிச்சாம்பல், வைக்கோல்

அக்டோபர் 28, மன்னார்குடிப் பக்கம்
பக்கத்து வயல் மாமா வரப்பிலேயே பிடித்துக்கொண்டார். "என்ன தம்பி, பயிர் வெளுத்துக் கிடக்கு. கொஞ்சம் யூரியா வீசக்கூடாதா?" இலையின் பச்சையை ஒப்பிட்டு யூரியா தேவையா என்று சொல்லும் இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்தேன், நிற எண் நாலுக்குக் குறையவில்லை. நான் நட்டிருக்கும் சி.ஆர். 1009 நெல் ரகத்துக்கு அது போதும். "இருக்கட்டும் மாமா" என்றேன். கரும்பச்சை பார்க்க அழகுதான். ஆனால் யூரியா தரும் தழைச்சத்து (நைட்ரஜன்) மிஞ்சினால் இலை மெத்தென்று ஆகி, சாற்றில் அமினோ அமிலம் கூடிவிடும். இலைச்சுருட்டுப் புழுவுக்கும், தூரடியில் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சிக்கும் நாமே பந்தி விரித்த மாதிரி.

நவம்பர் 9
மழை விட்டது. நடுக்குருத்து காய்ந்த தூர்கள் அங்கங்கே தெரிந்தன. ஒன்றை இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. அடித்தண்டைக் கீறினால் உள்ளே வெளிறிய புழு, சுற்றிலும் ஈரமான எச்சம். தண்டுத்துளைப்பான்தான். உமிச்சாம்பல் போட்ட மேல மடையில் இது குறைவு. ஒரு வயலை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது, ஆனாலும் காரணம் இருக்கிறது. உமிச்சாம்பலில் சிலிக்கா, அதாவது மணலில் இருக்கும் அதே பொருள், நிறைய. நெல்வேர் உறிஞ்சும் அது இலைத்தோலிலும் தண்டிலும் கெட்டியாகப் படிகிறது. துளைக்க வரும் புழுவின் தாடை அதில் தேய்ந்துபோவதை 1960-களிலேயே பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் கவனித்திருக்கிறார்கள். உள்ளே நுழைய நேரமாகும். அதற்குள் சிலந்தி பிடித்துவிடவும் வாய்ப்புண்டு. நெல் இலையை எதிர்ப்பக்கமாக நீவினால் விரலை அறுக்கிறதே, அந்தச் சுணையும் சிலிக்காதான்.

டிசம்பர் 14
பொட்டாஷ் விலையைக் கேட்டாலே ஊரில் பாதிப் பேர் ஒதுங்கிவிடுகிறார்கள். பொட்டாஷ் தரும் சாம்பல்சத்து (பொட்டாசியம்) குறைந்தால் சர்க்கரை மாவுச்சத்தாகவும் அமினோ அமிலம் புரதமாகவும் மாறாமல் சாற்றிலேயே தங்கும். சாறு உறிஞ்சும் புகையானுக்கு வேறென்ன வேண்டும்? புகையான் இருக்கிறதா என்று இன்று தூரடியைத் தட்டினேன். தண்ணீரில் விழுந்தவை ஒன்றிரண்டுதான், சிலந்தியும் ஓடியது. தண்ணீரை வடித்தாயிற்று, மருந்து வேண்டாம். அதற்காகப் பொட்டாஷே பூச்சிமருந்து என்று நம்பிவிடக் கூடாது. கூட்டமாக இறங்கினால் எந்தப் பயிரும் தாங்காது.

பிப்ரவரி 6
அறுவடை முடிந்தது. வைக்கோல் கட்டும் வண்டிக்காரர் காலையிலேயே வந்து நின்றார். பயிர் எடுத்த சாம்பல்சத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு வைக்கோலில்தான் நிற்கிறது. சிலிக்காவும் பெரும்பாலும் அப்படியே. அதை விற்றுவிட்டுப் பொட்டாஷ் மூட்டைக்கு அலைகிறோம். சிலிக்காவை விலைக்கு வாங்குகிறவர் இங்கே யார்? மாட்டுக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை மடக்கி உழச் சொல்லிவிட்டேன். வண்டிக்காரருக்குக் கோபம்தான். அப்புறம், அரிசி ஆலையில் உமியின் கருஞ்சாம்பலுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அதிகச் சூட்டில் எரிந்த வெண்சாம்பல் மண்ணில் கரைய நாளாகும்.