மரனெல்லோவில் அம்மா ஏறிய ஃபெராரி

போன வாரம் இத்தாலி போய் வந்தோம். எந்த ரயில், எங்கே தங்குவது, எவ்வளவு ஆகும் என்று நாள்வாரியாக எழுதுவதாக நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். அதெல்லாம் இருக்கட்டும். முதலில் அந்த 40 யூரோ பஞ்சாயத்தை முடித்துவிடுகிறேன்.

ஃபெராரி கார் கம்பெனியின் ஊரான மரனெல்லோவில், அவர்கள் மியூசியத்தைச் சுற்றிலும் வாடகைக்குக் கார் ஓட்டக் கொடுக்கும் கடைகள். கோயில் வாசல் பூக்கடை மாதிரி கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நிற்பதில் பெரும்பாலானவை இரண்டு சீட் கார்கள். பக்கத்தில் கடைக்காரர் ஆள் உட்கார்ந்தால் வேறு யாருக்கும் இடமில்லை. நாங்களோ மூன்று பேர்: நான், மனைவி, மதுரையிலிருந்து வந்திருந்த அம்மா.

"நீ போயிட்டு வாப்பா, நாங்க இந்த நெழல்ல உக்காந்திருக்கோம்" என்றார் அம்மா. மனசு வரவில்லை.

அப்போதுதான் ஓரமாக ஒரு கார் கண்ணில் பட்டது. ஃபெராரி எஃப்எஃப். பின்பக்கம் ஸ்டேஷன் வேகன் மாதிரி நீண்டிருக்கும். அதற்காகவே 2011-இல் வந்தபோது பல ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும். நாலு பேர் நிஜமாகவே உட்காரலாம், 450 லிட்டர் டிக்கி வேறு. குடும்பத்தோடு போகிறவனுக்கு ஃபெராரியிலேயே உருப்படியான வண்டி இதுதான். 1960-லேயே 250 ஜிடிஇ என்று நாலு சீட் வண்டி போட்ட கம்பெனி இது. ரோம் போலீஸ்கூட அதில் கறுப்பாக ஒன்றை வைத்துக்கொண்டு திருடர்களைத் துரத்தியிருக்கிறது.

போர்டில் 15 நிமிடம் 140 யூரோ என்று போட்டிருந்தது. அன்றைய லாட்ஜ் வாடகையைவிட அதிகம். மனைவி என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. ஆனாலும் "அத்தை, ஏறுங்க" என்று அவளே கதவைப் பிடித்தாள்.

இரண்டே கதவு என்பதால் முன்சீட்டை மடக்கித்தான் பின்னால் போக வேண்டும். அம்மா சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். முழங்கால் இடிக்கவில்லை.

ஸ்டார்ட் செய்ததும் 12 சிலிண்டரும் ஒன்றாகக் கத்தின. "ஆத்தாடி!" பின்சீட்டிலிருந்து அம்மா.

6,262 சிசி, 660 குதிரைத்திறன், நிற்கிற இடத்திலிருந்து 3.7 வினாடியில் 100 கிலோமீட்டர், உச்ச வேகம் 335. ஊருக்குள் போக அனுமதி 50! ஒரு ரவுண்டானா, இன்னொரு ரவுண்டானா, நடுவில் வேகத்தடை. இண்டிகேட்டர் போடக் குச்சியைத் தேடினால் இல்லை; ஸ்டீயரிங்கிலேயே பட்டன். நான் தடவிக்கொண்டிருந்ததைப் பார்த்துப் பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரன் அடித்தார்.

ஊரைத் தாண்டியதும் பக்கத்திலிருந்தவர் "இப்போது" என்று கை காட்டினார். மிதித்தேன். முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. இது நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. முன்சக்கரங்களுக்கென்று இன்ஜினுக்கு முன்னால் தனியாக ஒரு குட்டி கியர்பாக்ஸ் வைத்திருக்கிறார்கள், முதல் நாலு கியர் வரைதான் அதற்கு வேலை. எனக்குத் தெரிந்ததெல்லாம் சக்கரம் கொஞ்சமும் வழுக்காமல் பாய்ந்தது என்பதுதான். அதிகம் போனால் ஆறு வினாடி. மறுபடி ரவுண்டானா.

"மெதுவாப் போப்பா" என்று சொல்வார் என்று நினைத்தேன். "ஏன்ப்பா நிறுத்திட்ட?" என்றார்.

திரும்பி வந்ததும் பில்: 180. பின்சீட்டுக்குத் தலைக்கு 20 யூரோவாம், அம்மாவுக்கும் மனைவிக்கும் சேர்த்து 40. போர்டில் ஒரு வார்த்தை இல்லை, ஏறும்போதும் சொல்லவில்லை. கேட்டால் ஒரு தாளைத் திருப்பிக் கீழே எறும்பு எழுத்தைக் காட்டுகிறார்கள். சிக்னலில் நின்ற நேரமும் 15 நிமிடத்தில் சேர்த்திதான். அதோடு வீடியோ வேண்டுமா, இன்னொரு 20 என்று சிரித்தார் அந்த மனிதர். நான் சிரிக்கவில்லை.

கோபத்தைத் தணித்தது மதியச் சாப்பாடு. ஞோக்கோ ஃபிரித்தோ என்று நம்ம பூரி மாதிரி உப்பலாக ஒன்று வந்தது. அம்மா கை வைக்கும் முன் கேட்டுவிட்டேன்; பன்றிக்கொழுப்பில் பொரித்ததாம். தட்டு என் பக்கம் வந்தது, பாதகமில்லை. அம்மாவுக்குக் கீரையும் ரிக்கோட்டா சீஸும் அடைத்த தொர்த்தெல்லோனி, உருகின வெண்ணெயில். "கொழுக்கட்டைக்கு உப்புப் போட்டா இப்படித்தான் இருக்கும்" என்று முழுத் தட்டையும் காலி செய்தார். மூன்று பேருக்கும் சேர்த்து 41 யூரோ. கிட்டத்தட்ட அந்தப் பின்சீட்டு காசுதான்.

ஆங், பயணக் குறிப்பு. பக்கத்து நகரமான மொதேனாவிலிருந்து மரனெல்லோ 18 கிலோமீட்டர் இருக்கும், பஸ் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகாதீர்கள். நாங்கள் ஒன்றே முக்கால் மணி நேரம் ஸ்டாப்பில் நின்றோம். எங்களைத் தாண்டி அதே எஃப்எஃப் மூன்று தடவை போனது.