பன்னிரண்டரை மணிச் சாப்பாடு

அந்த அட்டவணையைப் போட்டது நான்தான். நீல நிறம் என்றால் பன்னிரண்டு மணிச் சாப்பாடு, பச்சை பன்னிரண்டரை, மஞ்சள் ஒரு மணி. கேன்டீனில் நெரிசல், கடைசியில் வருகிறவர்களுக்குப் பொரியல் இல்லை, கை கழுவும் இடத்தில் வாய்ச்சண்டை என்று மாதக்கணக்கில் புகார் வந்துகொண்டிருந்தது. லைன் வாரியாகப் பிரித்து அனுப்பினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நிர்வாகக் கூட்டத்தில் எழுந்து நின்று விளக்கினேன். சரியாகவும் ஆனது. பொரியல் எல்லோருக்கும் கிடைத்தது. ஆனால் இரண்டு மாதத்துக்குள் முதலுதவி அறைக்குத் தலைவலி மாத்திரை கேட்டு வருகிறவர்கள் கூடிப்போனார்கள். லீவும் கூடியது.

வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவே, நெடுஞ்சாலையோரம் இருந்த ஒரு ஷூ கம்பெனி அது. 500 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் தொழிற்சாலையில் வெல்ஃபேர் ஆபீசர் ஒருவர் இருக்க வேண்டும் என்று 1948ஆம் வருடத்துத் தொழிற்சாலைகள் சட்டம் 49ஆம் பிரிவில் சொன்னது. அந்த நாற்காலியில் 2006ல் போய் உட்கார்ந்தேன். சட்டத்தின் புண்ணியத்தில் கிடைத்த வேலை என்று வீட்டில் கேலி செய்வார்கள். பள்ளிகொண்டா, குடியாத்தம், ஒடுகத்தூர், ஆம்பூர் பக்கத்துக் கிராமங்களில் இருந்து ஆட்கள் கம்பெனி பஸ்ஸில் வருவார்கள். 2019ல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்ததில் ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது. பழைய ஆட்களுக்கு எல்லாமே இன்றும் வட ஆற்காடுதான்.

ஸ்டிச்சிங் லைனைப் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வரிசையாக மெஷின்கள். ஒருத்தி தைத்து நீட்டும் அப்பரை, அதாவது ஷூவின் மேல்பாகத்தை, அடுத்தவள் வாங்கி அடுத்த தையல் போடுவாள். மணிக்கு எத்தனை ஜோடி என்று லைன் முனையில் ஒரு போர்டு. நூல் அறுந்து ஒருத்தி நின்றால் பின்னால் இருக்கிறவளும் நிற்க வேண்டும். அவள் வாய் திறக்காவிட்டாலும் பார்வை முதுகில் குத்தும். பாத்ரூம் போவதென்றாலும் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுத்தான்.

ராபர்ட் காரசெக் என்ற ஆய்வாளர் 1979ல் எழுதியதை இந்த லைனுக்கு நடுவில் நின்றால் பத்து நிமிடத்தில் புரிந்துகொள்ளலாம். வேலைப் பளு மட்டுமே ஆளைச் சாய்ப்பதில்லை. பளு ஏறிக்கொண்டே போய், அதை எப்போது செய்வது, எப்படிச் செய்வது என்ற பிடி தன் கையில் இல்லாமல் போகும்போதுதான் மன அழுத்தம் மிக அதிகம் என்றார். 1988ல் ஜான்சனும் ஹாலும் ஸ்வீடன் தொழிலாளர்களை ஆராய்ந்து இதோடு மூன்றாவது ஒன்றைச் சேர்த்தார்கள்: கூட வேலை செய்கிறவர்களின் துணை. பளு அதிகம், பிடி குறைவு, துணையும் இல்லை என்ற இடத்தில் இருந்தவர்களிடம் இதய நோய் கூடுதலாகக் காணப்பட்டது. இதையெல்லாம் எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணி முதுகலைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் நான். நீலம், பச்சை, மஞ்சள் அடித்தபோது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

எனக்கு விளங்க வைத்தவர், கம்பெனி ஆரம்பித்த நாளில் இருந்து இருக்கும் ஓர் அக்கா. கேன்டீன் சாப்பாட்டில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து நான் எண்ணெய் டின்னை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். "சாப்பாடு நல்லாத்தான் கீது மேடம். கூட உக்கார ஆளுதான் இல்ல" என்றார்.

ஒரே ஊர், ஒரே பஸ், ஆனால் வேறு வேறு லைன். இப்படி ஐந்தாறு பேராக வட்டம் போட்டுப் பல வருடமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களை என் மூன்று நிறம் கலைத்துவிட்டிருந்தது. பஸ்ஸில் பேசிக்கொள்ளலாமே என்று கேட்டேன். காலையில் எல்லோரும் தூக்கம், சாயந்திரம் பஸ்ஸில் எல்லோருக்கும் காது என்றார் அக்கா. அதற்கு என்ன பதில் சொல்வது?

அந்த அரை மணி நேரத்தில் என்னவெல்லாம் நடந்தது என்பதை அப்புறம்தான் உட்கார்ந்து கவனித்தேன். ஒருத்தியின் கருவாட்டுக் குழம்பு ஐந்து டப்பாவுக்குப் போகும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக யாருடைய மாமியார் சும்மா இருக்கிறார் என்று அங்கேயே முடிவாகும். பிறகு சூப்பர்வைசர் காலையில் கத்தியதை ஒருத்தி அப்படியே நடித்துக் காட்டுவாள். மூக்கை உறிஞ்சுவதுகூட அதே மாதிரி. மற்றவர்களுக்குப் புரையேறும்.

லாசரஸ், ஃபோக்மன் இருவரும் 1984ல் எழுதிய புத்தகத்தில் சமாளிப்பை இரண்டாகப் பார்க்கிறார்கள். பிரச்சனையையே மாற்றப் பார்ப்பது ஒன்று; அது கிளப்பிவிடும் கலக்கத்தை ஆற்றிக்கொள்வது இன்னொன்று. மாற்ற முடிந்த இடத்தில் முதலாவது உதவும், முடியாத இடத்தில் இரண்டாவது. காய்ச்சலுக்கு மாமியாரை ஏற்பாடு செய்வது முதல் வகை. சூப்பர்வைசரை மாற்ற முடியாது, அவர் மூக்கை நடித்துக் காட்டலாம். இரண்டும் ஒரே டப்பாவைச் சுற்றி நடந்துகொண்டிருந்தன. ஒரு தொல்லை வந்ததும் மனம் இரண்டு கேள்வி கேட்கிறது என்றும் அவர்கள் எழுதினார்கள்: இதனால் எனக்கு என்ன ஆகும்? இதைச் சமாளிக்க என்னிடம் என்ன இருக்கிறது? இரண்டாவது கேள்விக்கான பதிலில் பக்கத்தில் உட்காருகிறவர்களும் அடக்கம். நாளைக்கு மத்தியானம் இவர்களிடம் சொல்லிக்கொள்ளலாம் என்ற நினைப்பே பாதிப் பாரத்தை இறக்கிவிடுகிறது, சொல்லாமலே போனாலும்கூட.

இதற்கெல்லாம் நான் வைத்திருந்த அதிகாரபூர்வ வழி வேறு. 'ஆலோசனை அறை' என்று போர்டு போட்டு, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மின்விசிறி. வருடம் முழுவதும் வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், அதிலும் பாதி பேர் பி.எஃப். சந்தேகத்துக்கு வந்தவர்கள். லைனை விட்டு எழுந்து அந்த அறைக்கு நடந்தால் அறுபது கண் பின்னால் வரும். எங்கள் பக்கத்தில் பாகாயம் என்று சொன்னாலே ஒரு கேலிச் சிரிப்பு உண்டு. அங்கே உள்ள, வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியின் மனநல மையத்திலோ, நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்கவைத்துச் சிகிச்சை கொடுப்பது பல பத்தாண்டுப் பழக்கம். ஆளைத் தனியாகப் பிரித்து உட்கார வைக்காதே என்று அவர்கள் எப்போதோ தெரிந்துகொண்டிருக்கிறார்கள். நான் தனியாகப் பிரித்து உட்கார வைக்க ஓர் அறையே கட்டினேன்.

சாப்பாட்டு வட்டத்தை ரொம்பப் புகழ்ந்துவிட்டேன் போலிருக்கிறது. அதன் இன்னொரு முகத்தையும் பார்த்தேன். அந்த ஆறு பேர்தான் குழுக் கடனிலும் ஆறு பேர். ஒருத்தி வாரத் தவணை கட்டவில்லை என்றால் மற்ற ஐந்து பேர் தலையில் விழும். ஒருமுறை ஒரு பெண் இரண்டு வாரம் கட்டவில்லை. அதே வட்டம், அதே டப்பா, ஆனால் அவள் பக்கம் குழம்பு போகவில்லை. மூன்றாம் நாள் அவள் மெஷினிலேயே உட்கார்ந்து தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டிருந்தாள். உறவும் நட்பும் அழுத்தத்தைத் தாங்கும் தூண் என்று எழுதுகிறவர்கள், அந்தத் தூணே மேலே சாயும் நாளையும் எழுதலாம்.

அவளை மீட்டது என் அறை அல்ல. அவளுக்கு முன்னால் உட்காருகிறவள் வட்டத்தைச் சேர்ந்தவளே இல்லை, ஊரும் வேறு. அந்த வாரம் முழுக்க, இந்தப் பெண்ணின் தட்டில் தேங்கிய ஜோடிகளில் நாலைந்தை அவ்வப்போது எடுத்துத் தைத்துப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. தற்செயலாகத்தான் என் கண்ணில் பட்டது. வாங்கிக்கொண்டவளிடம் கேட்டபோது, "இந்த வாரம் மெஷின் நல்லா ஓடுச்சு மேடம்" என்றாள்.

நயால் போல்கரும் கூட்டாளிகளும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. நியூயார்க்கில் வக்கீல் தகுதித் தேர்வுக்குப் படிக்கிறவர்களும் அவர்களோடு கூட வாழும் துணைகளும் தனித்தனியே தினமும் குறிப்பு எழுதினார்கள். "இன்று ஆறுதலாக இருந்தேன்" என்று துணை எழுதி, படிக்கிறவர் அதைக் கவனிக்காமலே விட்ட நாட்களில்தான் மனச்சோர்வு குறைவாக இருந்தது. உதவி கண்ணுக்குத் தெரிந்துவிட்டால், நம்மால் முடியவில்லை என்பதும் கூடவே தெரிந்துவிடுகிறது. வருடங்கள் கழித்து இதைப் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது அந்த நாலைந்து ஜோடிதான்.

அட்டவணையை மாற்றினோம். மஞ்சளை எடுத்துவிட்டு இரண்டு வேளையாக்கி, ஒரே ஊர்க்காரர்கள் இருக்கும் லைன்கள் முடிந்தவரை சேர்ந்து வரும்படி செய்தோம். புரொடக்ஷன் மேனேஜர் பத்து நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மாத்திரைக் கணக்கு குறைந்தது. என்னால்தான் என்று மார்தட்ட முடியாது, அதே சமயம் பெரிய ஷிப்மென்ட் ஒன்று போய் டார்கெட்டும் தளர்ந்திருந்தது. பொரியல் மறுபடி பற்றாமல் போனது.

2020 மார்ச் கடைசியில் எல்லாம் நின்றது. வெளிநாட்டு ஆர்டர்கள் ரத்து, கேட்டில் பூட்டு. வேலை எப்போது தொடங்கும், சம்பளம் வருமா என்று போன் மேல் போன். எதற்கும் பதில் தெரியாமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். ராத்திரி தூக்கம் இல்லை. அடுத்தவர் அழுத்தத்துக்கு ஆள் போட்ட சட்டம் என் அழுத்தத்துக்கு யாரையும் போடவில்லை.

அப்போது தினமும் சாயந்திரம் ஆறு மணிக்கு மேல் பஸ் டிரைவர் அண்ணன் கூப்பிடுவார். ரேஷன் கடையில் கொடுக்கிற ஆயிரம் ரூபாய்க்கு டோக்கன் எப்போது, பேங்கிலிருந்து ஏதோ மெசேஜ் வந்திருக்கிறது, பி.எஃப். முன்பணம் எடுக்க என்ன செய்வது. சின்னச் சின்னச் சந்தேகம். எனக்குப் பதில் தெரிந்த கேள்விகள் அந்த நாளில் அவை மட்டும்தான். பேச்சோடு பேச்சாக, "சாப்டீங்களா மேடம்?" என்பார்.

2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தது. மணலையே பார்த்துப் பழகிய கண்களுக்கு அது திருவிழா. பள்ளிகொண்டா பக்கம் பஸ்ஸை ஓரம் கட்டி எல்லோரும் இறங்கிப் பார்த்துக்கொண்டு நின்றோம். பக்கத்தில் அவர் நின்றார். ரொம்ப நாளாக மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். "உங்க பையன் இன்ஜினியரிங் படிக்கிறானே, அவன்கிட்ட கேக்காம ஏண்ணே தினமும் எனக்கு போன் பண்ணீங்க?"

தண்ணீரில் இருந்து அவர் கண்ணை எடுக்கவில்லை. "அவன் எங்க மேடம் செல்லை விட்டு நிமிர்றான்? நெசமாவே சந்தேகந்தான்" என்றார். அப்புறம், "டீ சொல்லட்டா?"