வீட்டுப் படிப்பு நாட்குறிப்பு: குச்சிக் கட்டும் கொம்பும்

ஜூன் 9, திங்கள்

இந்த வாரம் முழுக்க வீட்லயே படிப்பு. பெரியவ ரெண்டாங்கிளாஸ், சின்னவன் ஒண்ணாங்கிளாஸ். ஒம்பதுல இருந்து பத்து தமிழ், பத்துல இருந்து பதினொண்ணு கணக்குன்னு சார்ட் போட்டு சுவத்துல ஒட்டி வச்சிருந்தேன். இருபது நிமிஷம் தாங்குச்சு. பென்சில் சீவ எந்திரிச்சுப் போன சின்னவன் திரும்ப வரவே இல்ல. ஆறு ஏழு வயசுப் பிள்ளைய ஒரு மணி நேரம் ஒரே எடத்துல உக்கார வைக்கிறது நியாயமே இல்லன்னு தோணுச்சு, சார்ட்ட கழட்டிட்டேன். இனிமே பதினஞ்சு நிமிஷம் படிப்பு, அப்புறம் ஓட்டம், திரும்ப பதினஞ்சு நிமிஷம்.

ஜூன் 10, செவ்வாய்

32ல 17 போனா எவ்வளவுன்னு கேட்டதுக்கு பெரியவ 25னு எழுதிட்டா. தப்புன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு, அடக்கிக்கிட்டு "எப்படிம்மா போட்ட"ன்னு மட்டும் கேட்டேன். "ரெண்டுல ஏழு போகாதுல்லம்மா, அதான் ஏழுல ரெண்ட கழிச்சேன், அஞ்சு. மூணுல ஒண்ணு போனா ரெண்டு."

இது கவனக்குறைவே இல்லங்க. பெருசுல இருந்துதான் சிறுச கழிக்கணும்னு அவளே ஒரு விதி வச்சிருக்கா, அதே பக்கத்துல 45ல 12 மாதிரி கணக்கெல்லாம் அந்த விதிப்படியே போட்டு சரியா வந்திருக்கு, அதனாலதான் இத்தன நாளா யார் கண்ணுலயும் படல.

ஐஸ் குச்சிய எடுத்து பத்து பத்தா ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினோம். மூணு கட்டு, ரெண்டு உதிரி. இதுல பதினேழு குடுன்னேன். ஒரு கட்ட டக்குனு குடுத்துட்டா. அப்புறம் அந்த ரெண்டு உதிரிக் குச்சியவே ரொம்ப நேரம் பாத்துட்டு இருந்தா, நானும் ஒண்ணும் சொல்லல. "கட்ட பிரிக்கலாமா?"ன்னு அவளாவே கேட்டா. பிரிச்சதும் உதிரி பன்னெண்டு ஆச்சு, ஏழு குடுத்தா, கையில ஒரு கட்டும் அஞ்சு குச்சியும். பதினஞ்சு!

"பக்கத்துல கடன் வாங்கு"ன்னுதான் நாமல்லாம் படிச்சோம். அத சொன்னப்போ அவ கேட்ட கேள்வி: "கடன்னா திருப்பித் தரணும்ல? இங்க யாருமே தரலயே?" சரிதான. கட்டப் பிரிக்கிறதுன்னே இனி சொல்லப் போறேன்.

ஜூன் 12, வியாழன்

நேத்து ரெண்டு பேருக்கும் சளி, ஒண்ணும் நடக்கல.

இன்னைக்கு சின்னவன் 'தேன்' எழுதினான். த போட்டுட்டு அதுக்கப்புறம் கொம்பு. கொம்பு முன்னாடி வரணும்டான்னா, "த் தான மொதல்ல சொல்றோம், ஏ அப்புறம்தான வருது"ங்கிறான். நானும் சொல்லிப் பாத்தேன், நாக்கு மொதல்ல த்க்குதான் போகுது. காதுக்கு ஒரு வரிசை, கண்ணுக்கு ஒரு வரிசை. உக்காந்து எண்ணினேன், எ ஏ ஐ ஒ ஓ ஔ ஆறுக்கும் முன்னாடிதான் குறி வருது, பதினெட்டு மெய்யோட பெருக்கினா 108, அதாவது 216 உயிர்மெய்ல சரியா பாதி! 247 எழுத்தையும் பாட்டு மாதிரி ஒப்பிக்கிற பிள்ளை எழுதும்போது ஏன் தடுமாறுதுன்னு இப்பதான் எனக்கே புரியுது.

உப்புத்தாள்ல த, ம, ப, கொம்பு, கால் எல்லாம் வெட்டி அட்டைல ஒட்டிக் குடுத்தேன். 1907ல ரோம்ல பள்ளிக்கூடம் ஆரம்பிச்ச மரியா மாண்டிசோரி இப்படித்தான் எழுத்த விரலால தடவிப் பழக வச்சாங்க. அவன் கொம்ப எடுத்து த முன்னாடி வச்சான், தடவினான், 'தே'ன்னான். அப்புறம் ஒத்தக் கொம்பையும் காலையும் ரெண்டு பக்கமும் நிறுத்தி 'தொ'. அரை மணி நேரம் எந்திரிக்கவே இல்ல.

ஜூன் 13, வெள்ளி

தொண்ணூற எழுதச் சொன்னா பெரியவ 900னு எழுதினா. எப்படின்னு கேட்டா, "தொண்ணூறுல நூறு இருக்கே!" ஆமா, இருக்கு. தொள்ளாயிரத்துக்குள்ள ஆயிரம் இருக்குற மாதிரி. ஒம்பது வர்ற எடத்துல தமிழ்ல பேரே அடுத்த வீட்டுக்குப் போயிடுது.

ஒம்பது கட்டு வச்சுக் காட்டலாம்னா மொத்தமே முப்பத்திரெண்டு குச்சிதான் இருக்கு. பழைய அட்டைப்பெட்டிய குச்சி குச்சியா வெட்டிட்டு இருக்கோம், தொண்ணூறுக்கு இன்னும் அம்பத்தெட்டு வேணும். நூறே வெட்டிடலாம், பத்துக் கட்டையும் சேத்து ஒரே கட்டா கட்டணும்கிறா. பெரிய ரப்பர் பேண்டா ஒண்ணு தேடணும்.